மௌனமும் மோசடியே!

பழைய மோட்டார் வண்டி விற்போரிடம் ஒரு வாசகம் வழக்கமாகிவிட்டது: "உள்ளதை உள்ளபடியே தருகிறோம், பிறகு எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை!" இவ்வொரு சொல் தம்மை மறுமையிலும் காப்பாற்றிவிடும் என்றே அவர்கள் எண்ணுகின்றனர் போலும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் தொழுகையாளிகளும் இவ்வாறு பேசக் கேட்கிறோம்.

அம்பாஸடர் காரையே எடுத்துக் கொள்வோம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதன் உற்பத்தியை 2014-இல் நிறுத்திவிட்டது. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. உடைத்த வண்டியில் கழற்றியதைப் பூட்டியோ, லேத்துப் பட்டறையில் கடைந்தோ மெக்கானிக் அதை ஓட வைக்கிறார். அது குற்றமன்று, திறமை. ஆனால் அதைச் சொல்லாமல் விற்பது? புகையை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதும், துருவின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதும், ஓடிய கிலோமீட்டரைப் பின்னுக்குத் திருப்புவதும்? அவை வஞ்சகமே!

"வாங்குபவனுக்குக் கண் இல்லையா?" என வாதிடுவோர் உளர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முயன்று குறையை மறைப்பதை மோசடி என்கிறது. எனினும், நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் அதுபற்றி வாளாவிருந்தால் மோசடியாகாது என்றும் அதன் 17-ஆவது பிரிவு எடுத்துக்காட்டுகிறது. சட்டம் குதிரைக்காரனை விட்டுவிட்டது, ஷரீஅத் விட்டதா?

பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்றாலும், உயிர்ப்பிராணியிடம் தாம் அறியாத உட்குறை இருப்பின் அதிலிருந்து மட்டுமே விற்றவர் விடுபடுவார் என்பது, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் தரும் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. மோட்டார் உயிர்ப்பிராணியுமன்று, குறை அவர் அறியாததுமன்று! ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனைக்கு இடமுண்டாயினும், அறிந்ததை மறைக்க அங்கும் அனுமதியில்லை.

விற்பவர் மட்டுமா பொறுப்பாளி? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்திற்கு விற்றார். அருகே நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் கவனியாதிருந்தபோது வாங்கியவர் புறப்பட்டுவிட்டார். உடனே பின்னால் ஓடிச் சென்று, அது சவாரிக்கே என்றறிந்ததும், அதன் பாதத்தில் ஓட்டை இருப்பதையும் தொடர்ந்து நடக்காது என்பதையும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. வியாபாரம் கெட்டதே என விற்றவர் நொந்தபோது, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் பைஅத் செய்திருப்பதையே விடையாகக் கூறினார்கள்.

ஒட்டகம் வாஸிலா (ரலி) அவர்களுடையதன்று. குறையை அறிந்திருந்தார்கள், அவ்வளவே! ஆகவே பட்டறையில் உண்மையறிந்த மெக்கானிக்கும், கமிஷனுக்காக வாய்மூடும் தரகரும் தப்ப வழியில்லை. வாங்குபவர் எம்மதத்தவராயினும் ஏமாற்றுதல் ஹராமே.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடா சென்று உழைத்தவரின் சேமிப்பு அந்த வண்டியில் போகிறது. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பிரேக் பிடிக்காது போனால், போவது சேமிப்பு மட்டுமா?

எனவே விற்கும் முன் ஒரு தாளெடுங்கள். மாற்றிய பாகம் எது, அது பழையதா புதியதா, இன்னும் பழுதாயிருப்பது எது என எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். விலை சற்றுக் குறையும்; பரக்கத் குறையாது.