சீலை மாற்றியும் ஒழுகுகிறதா? ஃபிளேஞ்சைப் பாருங்கள்

"கியர்பாக்ஸ் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. பட்டறையில் சீலை மாற்றினார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே கசிவு. இப்போது கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கத்தான் வேண்டுமா?"

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் புதிய சீல் ஏன் தாங்கவில்லை என்று பார்க்காமல் இன்னொரு சீலை அடித்து அனுப்பினால், அதுவும் அதே கதிக்குத்தான் வரும். போர்ஷே 911 காரை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். 1972 முதல் 1986 வரையிலான மாடல்களில் வந்த 915 கியர்பாக்ஸ்தான் இன்றும் ஓடும் பழைய 911 கார்கள் பலவற்றில் இருக்கிறது.

இந்தக் காரில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதற்கு முன்புறம் கியர்பாக்ஸ். டிஃபரென்ஷியலும் அதே பெட்டிக்குள்தான். பெட்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆளுக்கொரு வட்டத் தட்டு வெளியே தெரியும். அதுதான் ஃபிளேஞ்ச். அதன் தண்டு உள்ளே போய் டிஃபரென்ஷியல் பற்களோடு கோத்துக்கொள்கிறது. வெளித்தட்டில் டிரைவ் ஷாஃப்ட் போல்ட் போட்டு முடுக்கப்படுகிறது. இன்ஜினின் இழுவை முழுவதும் இந்த இரண்டு தட்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

தட்டுக்குப் பின்னால் வழவழப்பான ஒரு கழுத்து உண்டு. பெட்டியில் பதிந்திருக்கும் ரப்பர் சீலின் உதடு அந்தக் கழுத்தைப் பிடித்தபடி எண்ணெயைத் தடுக்கிறது. ரப்பர் மென்மையானது, இரும்பு கடினமானது, ஆகவே தேய்வது ரப்பர்தான் என்று நினைப்போம். உண்மையில் இரண்டும் தேய்கின்றன. சாலைத் தூசி உதட்டில் ஒட்டிக்கொண்டு அரத்தாள் மாதிரி வேலை செய்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் இரும்புக் கழுத்தில் மெல்லிய பள்ளம் விழுந்துவிடுகிறது. புதிய சீலின் உதடு அந்தப் பள்ளத்தின் மேல் சரியாக உட்காராது. பட்டறைத் தம்பி "சீல் போயிடுச்சு அண்ணே" என்று சொல்வதில் தவறில்லை. சீல் ஏன் போனது என்பதுதான் அடுத்த கேள்வி.

கசிவது கியர் எண்ணெய்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய 911 இன்ஜினும் எண்ணெய் சொட்டுவதில் பேர்போனது. கியர் எண்ணெய் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை வீசும். இன்ஜின் எண்ணெய் மெலிதாக, கறுத்திருக்கும். ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் கருப்பு கிரீஸ் சுற்றிலும் வளையமாகத் தெறித்திருக்கும். அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் ஓட்டிவந்து பாருங்கள். ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும்.

"கொஞ்சம்தானே சொட்டுகிறது" என்று விடுவதில்தான் ஆபத்து. இந்தப் பெட்டி பிடிக்கும் எண்ணெய் சுமார் 3 லிட்டர்தான். அளவு பார்க்க இன்ஜினில் இருப்பது போன்ற கம்பியும் கிடையாது. காரின் அடியில் போய், நிரப்பும் துளையின் அடைப்பைக் கழற்றினால்தான் அளவு தெரியும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எண்ணெய் குறைந்த பெட்டியோடு நெடுஞ்சாலையில் ஈப்போ வரை போய்வந்தால் பேரிங்கும் பற்சக்கரமும் சூடேறித் தேய்ந்துபோகும். அதன்பிறகு நிஜமாகவே பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஃபிளேஞ்சின் விலை பெரிதல்ல.

ஃபிளேஞ்சை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜேக் ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜேக்கை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. எண்ணெயை வடிப்பதற்கு முன் நிரப்பும் துளையின் அடைப்பு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழல மறுத்தால் எண்ணெய் இல்லாத காரோடு மாட்டிக்கொள்வீர்கள். தொடக்க கால 915 பெட்டிகள் மக்னீசியக் கலவையால் ஆனவை. அவற்றின் மரைகளில் பலத்தைக் காட்டாதீர்கள்.

டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகளின் தலைக்குழியில் பல வருட மண் இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, சாவியைச் சுத்தியலால் தட்டி ஆழமாக உட்கார வைத்த பிறகே திருக வேண்டும். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். கழற்றிய ஷாஃப்டைத் தொங்க விடாமல் கம்பியால் மேலே கட்டிவையுங்கள், ரப்பர் உறை கிழியாது. அடுத்து ஃபிளேஞ்ச். சில கியர்பாக்ஸ்களில் அது நடுவில் உள்ள ஒரே போல்ட்டில் நிற்கும். ஃபோக்ஸ்வேகன் வேன் போன்றவற்றில் மூடிக்கு அடியில் கிளிப் வளையம் இருக்கும். உங்கள் காரின் ஆண்டுக்குரிய கையேட்டைப் பார்த்துக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள், இடமும் வலமும் மாறாது. பக்கவாட்டு மூடியை மட்டும் திறக்கவே கூடாது. டிஃபரென்ஷியலின் இடைவெளி அங்கேதான் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஃபிளேஞ்ச் கைக்கு வந்ததும் துடைத்துவிட்டு, கழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டி நின்றால் அந்தக் கழுத்து இனி சீலுக்கு உதவாது. உள்முனைப் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கின்றனவா, போல்ட் துளைகளின் மரை அழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் 'டொக்' என்று சத்தம் கேட்டிருந்தால் பற்தேய்மானமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளம் மட்டும்தான் குறை என்றால் செலவைக் குறைக்க வழி உண்டு. கழுத்தின் மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் உறை ஒன்றைப் பொருத்தலாம். அல்லது புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். பற்களோ மரையோ போயிருந்தால் இந்த வழிகள் உதவாது, ஃபிளேஞ்சையே மாற்றியாக வேண்டும். வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். 911 கார்களில் 100 மில்லிமீட்டர், 108 மில்லிமீட்டர் என இரு அளவு ஜாயிண்டுகளும், 8, 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளும் வந்திருக்கின்றன. முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றியிருக்கவும் கூடும். கழற்றியதை அளந்து, படம் எடுத்து அனுப்புங்கள்.

புதிய சீலைப் பொருத்தும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கியர் எண்ணெய் தடவி, சீலின் அகலத்துக்கு ஏற்ற குழாயை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஷாஃப்டை மாட்டும் முன் இரு தட்டுகளின் முகத்திலும் கிரீஸ் துளிகூட இல்லாமல் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டுகள் நழுவும், போல்ட்டுகள் தளரும். ஓடும்போது ஷாஃப்ட் கழன்றால் கார் இழுக்காது. அந்த ஷாஃப்ட் சுழன்று பக்கத்தில் உள்ளதையெல்லாம் அடித்து உடைக்கும். ஆகவே டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் சரிபாருங்கள்.

911 இல்லாதவர்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் ஷாஃப்ட் நேராகவே கியர்பாக்ஸுக்குள் போகிறது. அங்கேயும் இதே மாதிரி சீல், இதே மாதிரி தேய்மானம்தான். அடுத்த முறை சீல் மாற்றச் சொன்னால், சீல் உரசும் இரும்பையும் கழற்றிய கையோடு காட்டச் சொல்லுங்கள். நகத்தை ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்த வாரம், நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.