சடுகுடுக் களமும் வாலிபர் க்ஷேமமும்

2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில், கடலூர் ஜில்லாவில் பண்ருட்டிக்கு அருகே, கபடி ஆட்டத்தின் நடுவே ஒரு வாலிபர் விழுந்து மாண்டார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. இந்த முரட்டு ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கின்றனர் பெற்றோர். அடிக்கு அஞ்சுகிறவன் களத்தில் இறங்குவானேன் என்கின்றனர் ஆட்டத்தில் மோகங்கொண்டோர். இவ்விரண்டையும் நாம் ஒப்புவதற்கில்லை.

சடுகுடு ஏழையின் விளையாட்டு. மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். கோடு கிழித்த மண்தரையே போதும். மூச்சையடக்கி எதிரிகள் எழுவர் நடுவே தனித்துச் செல்லும் சிறுவன் தைரியத்தைக் கற்கிறான். கைகோத்து நின்று அவனை மடக்குவோர் ஒற்றுமையைக் கற்கின்றனர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் காட்சியாக ஆடப்பெற்ற இவ்வாட்டம், 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க விளையாட்டாயிற்று. தூத்துக்குடி ஜில்லாவின் மணத்தி கிராமத்துக் கணேசன், 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்தியக் கோஷ்டியில் ஆடினார். கிராமத்துச் சிறுவர்க்குத் திறந்திருக்கும் இப்பாதையை அடைப்பது தகாது.

ஆனால், ஆபத்தே இல்லையென்று சாதிப்பதும் பேதைமையாகும். கணுக்கால் பிசகும், முழங்கால் ஜவ்வு கிழியும். தலையடியோ இவற்றினும் கொடியது. ரத்தம் தெரியாததால் அதைப் பலர் மதிப்பதில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி, மறுபடியும் பாடிப்போகச் சொல்கின்றனர். தலையில் அடிபட்டு அறிவு தடுமாறியவன், மூர்ச்சை போடாவிடினும், அன்று மீண்டும் ஆடலாகாது என்பது வைத்தியர்களின் முடிவு. முதலடி ஆறுமுன் மற்றோர் அடி விழுந்தால் உயிரே போகலாம். கழுத்தில் அடிபட்டவனைக் கண்டபடி தூக்கினால் கைகால் ஸ்வாதீனம் இழக்கவுங் கூடும்.

திருவண்ணாமலை ஜில்லாவின் கலெக்டர் காரியாலயம் வேங்கிக்காலில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் உத்தரவு புறப்பட்டால் ஜில்லாவின் கிராமங்களுக்கெல்லாம் எட்டும். பந்தயம் நடத்துவோர் நான்கு காரியங்களுக்கு உறுதி கூற வேண்டும்: வயதும் எடையும் ஒத்த கோஷ்டிகள், கல் பொறுக்கிக் கொத்திப் பதப்படுத்திய தரை, முதலுதவி அறிந்த ஒருவர், 108 வண்டி தடையின்றி வந்து திரும்ப வழி. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விளக்குக்கும் பரிசுக்கும் வசூலிக்கும் ஊரார் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

உத்தரவு மட்டும் போதாது. அடிபட்ட தோழனை, "நீ வெளியே உட்கார்" என்று சொல்லும் துணிவு கோஷ்டித் தலைவனுக்கு வேண்டும். அப்படிச் சொல்லித் தோற்றவனை ஊர் இகழாதிருக்க வேண்டும். இழந்த கோப்பையை அடுத்த பொங்கலில் வெல்லலாம். இழந்த பிள்ளையை எந்தப் பொங்கலும் திருப்பித் தராது.