குதிரைமுகத்து இளவரசியும் கடதாசிப்பை இளவரசியும்

சென்ற ஞாயிறன்று அச்சுவேலியில் எமது உறவினர் இல்லமொன்றிற்குப் போயிருந்தோம். திண்ணையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கனடாவிலிருந்து அவளுடைய மாமி அனுப்பிய படப்புத்தகத்தை விரித்துவைத்து, அம்மம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நாள்தோறும் கதை சொல்லும் முதியவர் அன்று கதை கேட்பவராயினார். நாமும் அருகில் அமர்ந்தோம்.

'கடதாசிப்பை இளவரசி' என்று தமிழிற் கூறத்தக்க அந்நூல், ரொபேட் மன்ஷ் எழுத, மைக்கல் மார்ச்செங்கோ படம் வரைய, 1980ஆம் ஆண்டிற் கனடாவில் வெளிவந்தது. எலிசபெத் என்னும் அழகிய இளவரசி, ரொனால்ட் என்னும் இளவரசனை மணக்க இருந்தாள். டிராகன் என்று மேல்நாட்டார் கூறும் தீயுமிழ் நாகமொன்று அவளது மாளிகையை இடித்து, ஆடைகளை எரித்து, இளவரசனைத் தூக்கிச் சென்றது. எஞ்சியது ஒரு கடதாசிப்பைதான். அதையே உடுத்துக்கொண்டு அவள் நாகத்தைத் தேடி நடந்தாள்.

வாளேந்தி அவள் போரிடவில்லை; நாகத்தைப் புகழ்ந்தாள். புகழ்ச்சியில் மயங்கிய நாகம் காடு காடாக எரித்துக் காட்டியது. ஓர் இறைச்சி உருண்டையை வேகவைக்கவும் தீயில்லாமற் போயிற்று. உலகைச் சுற்றிப் பறந்து காட்டி, களைத்து உறங்கியது. இளவரசனோ, மீட்க வந்தவளுக்கு நன்றி கூறாமல், அவளுடைய கலைந்த தலையையும் கரிபடிந்த கோலத்தையும் இகழ்ந்து, நல்லுடை உடுத்து வருமாறு பணித்தான். திருமணம் நடைபெறவில்லை.

இக்கதை பிறந்த வரலாறும் சுவையானது. குழந்தைகள் காப்பகமொன்றிற் பணியாற்றிய காலத்தில் மன்ஷ் இத்தகைய நாகக் கதைகள் பலவற்றைச் சொல்லிவந்தார். எல்லாவற்றிலும் இளவரசனே இளவரசியை மீட்டான். ஒருமுறையேனும் இளவரசி இளவரசனை மீட்கலாகாதோ என்று வினவியவர் அவருடைய மனைவியார்.

கதை முடிந்ததும் அம்மம்மா நகைத்தார். "எங்கட மாவிட்டபுரத்தாளுக்கு இவள் ஈடோ, பிள்ளை?" என்று தொடங்கினார்.

சோழ நாட்டு இளவரசி மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் உடையவள், குன்மநோயாலும் வருந்தியவள். அரண்மனையில் முகத்தை மறைத்துக்கொண்டிராது, தீர்த்தந் தேடிப் புறப்பட்டாள். கடல் கடந்து கீரிமலைக்கு வந்து நீராடினாள். நோயும் குதிரைமுகமும் நீங்கின. நன்றிக்கடனாக முருகனுக்குக் கோயில் எழுப்பினாள். மாமுகம் விட்ட இடம் மாவிட்டபுரமாயிற்று. காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறையாயிற்று என்பர். ஒரு பெண்ணின் பயணம் இரண்டு ஊர்ப்பெயர்களில் நிலைத்திருக்கிறது! பின்னர் உக்கிரசிங்கன் என்னும் மன்னன் அவளை மணந்தான். அவன் சிங்கமுகத்தினன் என்று கதை கூறும்.

சிறுமி சற்றே சிந்தித்தாள். "அம்மம்மா, அவவின்ர முகம் மாறினது. அந்த ராசாவின்ர முகம் ஏன் மாறேல்லை?"

அம்மம்மா வாய் திறக்கவில்லை. எமக்கும் விடை தோன்றவில்லை.

அன்பர்களே, தீர்த்தத்தின் மகிமையைக் குறைப்பது எமது நோக்கமன்று. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் ஆண்மகனே. அவராலேயே கீரிமலைக்கு அப்பெயர் வந்ததென்பர். குறை நமது பேச்சில் இருக்கிறது. சிங்கமுகம் ஆணுக்கு வீரம் என்கிறோம். குதிரைமுகம் பெண்ணுக்குக் குறை என்கிறோம். திருமணப் பேச்செழும் வீடுகளில், "பிள்ளை கொஞ்சம் கறுப்பு", "பல்லு ஒரு சாதி" என்று அவள் காதுபடவே உரைக்கிறோம். கதவின் பின்னே நிற்கும் பெண், தன் படிப்பையும் பண்பையும் மறந்து, தன் முகத்தையே எண்ணி உழல்கிறாள்.

கடதாசிப்பை இளவரசியை நம் பிள்ளைகள் படிக்கட்டும், நல்ல நூல்தான். ஆயினும் அவளுடைய தமக்கை வடமேற்கே சில கட்டை தூரத்திலேயே இருக்கிறாள் என்பதையும் அவர்கள் அறியட்டும். மாருதப்புரவீகவல்லி துணிந்து புறப்பட்டதும், கடல் கடந்ததும் குதிரைமுகத்தோடேதான். அழகு வந்த பின்பு வந்த துணிவன்று அது. அவள் கதையை ஓவியர் ஒருவர் வரையப் புகுவாராயின், அந்தப் பயணத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்குவாராக; குதிரைமுகத்தையும் அன்போடு எழுதுவாராக.

கீரிமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேணியருகே இக்கதையைச் சொல்லும்போது, முகம் மாறிய இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். அவள் புறப்பட்ட நாளிலிருந்து தொடங்குங்கள். கோயில் எழும்பிய நாள்வரை சொல்லுங்கள். இடையே உங்கள் மகள் அந்தச் சிறுமியைப் போல ஏதேனும் வினவினால், விடை தெரியாவிடினும் வாயடக்காதீர்கள்.