ஒதுங்க முடியாத நீதிமன்றம்

காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்டத் திட்டமிடும் மேகதாது அணைக்கு எதிரான தமிழகத்தின் மனுவை, காலத்துக்கு முந்தையது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 13 அன்று முடித்துவைத்தது ஏற்கத்தக்கதல்ல. நதிநீர்த் தகராறுகளில் நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்க அரசமைப்பின் 262-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடமளிக்கிறது. அப்படியிருந்தும், காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை 136-ஆவது பிரிவின்கீழ் விசாரிக்கலாம் என 2016 டிசம்பரில் அறிவித்தது இதே நீதிமன்றம்தான். விளைவு, 2018-இல் தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகச் சுருங்கியது. மேல்முறையீடு செய்தவர்களில் தமிழகமும் உண்டு என்பது வேறு விஷயம். அந்த நீர் அஞ்செட்டியை அடுத்த பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையத்தின் நிலையத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேலே 67 டி.எம்.சி. தேக்கும் அணை எழுந்தால், அளவுகோல் காட்டப்போவது ஆற்றின் போக்கையல்ல, மதகைத் திறப்பவரின் மனப்போக்கை. அணையின் தொழில்நுட்பத்தை நிபுணர்கள் ஆராயட்டும். கீழ்ப்பாசன மாநிலத்தின் இசைவின்றி அணை கட்டலாமா என்பது சட்டக் கேள்வி, அதற்கு விடைசொல்லும் அதிகாரம், திட்டத்தைப் பரிசீலிக்கும் மத்திய நீர் ஆணையத்துக்கு இல்லை. அணையின் திட்ட அறிக்கைக்கு அந்த ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தால் அன்றே தமிழகம் வழக்குத் தொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் முதலில் கட்டுமானத்துக்குத் தடை விதித்துவிட்டு, பிறகு வாதங்களைக் கேட்கட்டும்.