மீசைக்காரர்கள் வீட்டுக்கு வரட்டும்!

மீன் தொட்டி என்றதும் தங்க மீனும் ஏஞ்சலும்தான் நினைவுக்கு வரும். "கெளுத்தியையா வளர்ப்பாங்க? அது குழம்புக்கு ஆச்சே!" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! சுட்டிக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது கெளுத்தி ஜாதியைச் சேர்ந்த கோரிடோரஸ்தான்.

தென் அமெரிக்க ஆறுகள்தான் இதன் பூர்வீகம். வளர்ந்தாலும் இரண்டு, மூன்று அங்குலத்தைத் தாண்டாது. உடம்பில் செதில் இல்லை; பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், கவசம் போட்ட மாதிரி. மீசையால் மணலைத் துழாவி இரை தேடும் அழகைப் பார்த்துக்கொண்டே குழந்தை இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடும். கண் சிமிட்டுகிற மாதிரியும் தெரியும். மீனுக்கு ஏது இமை? விழியை உருட்டுவதுதான் அது!

திடீரென்று மேலே பாய்ந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு இறங்கும். பயப்படாதீர்கள். இதன் குடலுக்குக் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் சக்தி உண்டு. ஆனால் எல்லா மீன்களும் ஓயாமல் மேலே வந்தால், தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

தனியாக விட்டால் ஏங்கிப்போகும்; ஆறு மீன்களாவது சேர்த்து விடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி போதும். அதில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 55 கிலோ கனம்! ஆட்டம் காணாத மேஜையாகப் பாருங்கள், குழந்தை பிடித்து இழுத்துவிடக் கூடாது. அடியில் கூரான கல் வேண்டாம், மீசை தேய்ந்துபோகும். நைஸான மணல்தான் நல்லது. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். க்ளோரின் போட்ட குழாய்த் தண்ணீரானால், அதை முறிக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும். தொட்டிக்குள் கை விடுமுன் மின்சார ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மீனைக் கையால் பிடிக்க வேண்டாம். கெளுத்தி முள் குத்தினால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

இனி முக்கியமான சங்கதி. "டேங்க் க்ளீனர்" என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீனைக் கடையில் காட்டுவார்கள். சக்கர் மீன் என்பதும் அதுதான். இதுவும் கெளுத்தி ஜாதிதான். ஆனால் ஓர் அடிக்கு மேல் வளரும். கண்ணாடியில் ஒட்டிய பாசியைத் தின்னும், வாஸ்தவம்தான். கழிவைத் தின்னாது, தானும் நிறையக் கழிக்கும். அது வளர்ந்ததும் இடம் போதாமல் பலர் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். 'உயிரைக் காப்பாற்றினோம்' என்று திருப்தி வேறு! அங்கே அது பெருகி, கரையைக் குடைந்து பொந்து போடும். மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். முரட்டு முள்ளால் வலையைக் கிழிக்கும். அதை விலை கொடுத்து வாங்க ஆள் கிடையாது. நஷ்டமெல்லாம் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு.

ஆகவே சகோதரிகளே, சக்கரை வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் தாருங்கள். கண்ணாடியில் பாசி படிந்தால் ஒரு பழைய ஸ்பாஞ்சை, சோப்புப் படாததாகப் பார்த்து எடுத்துத் தேயுங்கள். ஐந்து நிமிஷ வேலை!