முள்ளும் முத்திரையும்

மளிகைக் கடைத் தராசுக்குச் சர்க்கார் முத்திரை உண்டு. முத்திரையில்லாத படிக்கல்லை வைத்துக் கால் கிலோ புளி நிறுத்தாலும் இலாகா கேள்வி கேட்கும். வீதியோரத்தில் மோட்டாரின் வேகத்தை அளந்து ஆயிரம் ரூபாய் அபராதம் வாங்கித் தரும் ரேடார் கருவிக்கோ அத்தகைய முத்திரை நெடுங்காலம் கட்டாயமாக இருக்கவில்லை. 2025 ஏப்ரலில்தான் இந்திய சர்க்கார் அதற்கு விதிகள் வகுத்து, ஜூலை 1 முதல் அமல் என்று அறிவித்தது. தாமதமானாலும் நற்காரியம், வரவேற்கிறோம்.

வண்டிக்குள் இருக்கும் முள்ளின் கதை வேறு. அது சக்கரத்தின் சுற்றுக்களைத்தான் எண்ணுகிறது, சாலையை அறியாது. டயர் தேய்ந்து 600 மில்லிமீட்டர் விட்டம் 588 ஆகிவிட்டால், நூற்றுக்கு இரண்டு வீதம் கூட்டிக் காட்டும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டும் வாலிபருக்கோ குறைத்துக் காட்டி மோசம் செய்யும். ஐக்கிய நாடுகளின் 39-ஆவது வாகன விதிப்படி, முள் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. கார் 60-ல் போகையில் 70 வரை காட்டினாலும் பாதகமில்லை. எனவே, "என் முள் ஐம்பதுதான் காட்டியது" என்று சாதிக்கும் அன்பர்கள் முதலில் தங்கள் டயரைப் பார்ப்பது நலம். முள் பூஜ்யத்திலேயே யோகநித்திரை செய்யும் வாடகை வண்டிகளில் நாமே பூந்தமல்லிக்குப் போய் வந்திருக்கிறோம்!

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு, ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பித் தண்டிக்கலாகாது, கருவியின் அளவு வேண்டும் என்கிறது. வேக வரம்பு விதிப்பவர்கள் தக்க இடங்களில் பலகை நாட்டவேண்டும் என்பது 112-ஆவது பிரிவு. இங்கேதான் நமக்கு மனத்தாங்கல். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்பு வீதிகளில் 30 என்று நிர்ணயித்தார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமோ 2022 முதல் ஆவடிக் கமிஷனரின் அதிகாரத்தில் உள்ளவை. வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூருக்குப் போகிறவர், எல்லை எந்தக் கணத்தில் மாறிற்று என்பதை எந்த ஜோஸியரைக் கேட்டு அறிவார்? பலகைதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வண்டிக்காரரின் வழக்கு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் பெண்ணிடம் போலீஸ் கருவியும் இல்லை, முள்ளும் இல்லை. 70-ல் வரும் வண்டியின் மோதல் சக்தி 50-ல் வருவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அவளுக்காகவே வரம்பு வேண்டும் என்கிறோம். அபராதமும் வேண்டும் என்கிறோம். அந்த அபராதச் சீட்டில், கருவிக்கு முத்திரையிட்ட தேதியையும் சேர்த்து அச்சிடலாமே!