குளத்தில் யார் இறங்கலாம்?

2024 பாரீஸ் ஒலிம்பிக்கின் குழு கலை நீச்சலில், அமெரிக்காவின் எட்டுப் பேர் மைக்கேல் ஜாக்சனின் 'ஸ்மூத் கிரிமினல்' பாட்டுக்கு நீருக்கடியில் தலைகீழாக மூன்வாக் ஆடினார்கள். வெள்ளி கிடைத்தது, இந்தப் போட்டியில் 2004க்குப் பிறகு அந்நாட்டுக்கு முதல் பதக்கம். தங்கம் சீனாவுக்கு. நானும் கைதட்டினேன். அந்தப் பெண்களின் உழைப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி குளத்தைப் பற்றியது.

மூன்வாக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த ஆட்டம். அதை உலகெங்கும் கொண்டுபோன ஜாக்சனுக்கு ஐந்து வயதானபோது, 1964 ஜூனில், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் கறுப்பினப் போராளிகளும் வெள்ளையினத் தோழர்களும் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் சேர்ந்து இறங்கினார்கள். உரிமையாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். மகாட் வரலாறு தெரிந்த நமக்கு இது புதிதல்ல. 1927இல் அம்பேத்கரும் மக்களும் நீர் அருந்திய குளத்தில் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள்.

பொது இடங்களில் இனப் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் தன் பொதுக் குளங்களைத் திறந்துவிடவில்லை, இழுத்து மூடியது. எல்லோருக்கும்தானே மூடினோம் என்ற வாதத்தை 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வசதி படைத்தவர்களுக்குத் தனியார் கிளப்புகள் இருந்தன. கறுப்பினக் குழந்தைகளுக்கு எது இருந்தது? தண்ணீரைத் தலைமுறைகளாக மறுத்துவிட்டு, 'அவர்களுக்கு நீச்சல் வராது' என்று பிறவிக் குணம்போலப் பேசினார்கள்.

இது பழங்கதை அல்ல. அடர்ந்த சுருள்முடிக்கான 'சோல் கேப்' தொப்பிக்கு, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் உலக நீச்சல் சம்மேளனம் அனுமதி மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லையாம். யாருடைய தலை இயல்பானது? எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2022இல்தான் அனுமதித்தார்கள். கலை நீச்சலிலோ ஜெலட்டின் பூசி முடியைப் படியவைக்கிறார்கள்; எட்டுப் பேரும் ஒரே மாதிரி தெரியவேண்டும். அந்த 'ஒரே மாதிரி' எந்த மாதிரி என்று தீர்மானிப்பவர் யார் என்பதே அரசியல்.

ஒரு சமூகத்தின் ஆட்டத்தைக் குளத்துக்குள் கொண்டுவந்ததே மரியாதை என்கிறார்கள். எனக்கு அது போதாது. 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. அப்போது பதக்கப் பட்டியலோடு இன்னொரு கணக்கையும் கேட்போம்: கறுப்பினக் குடியிருப்புகளில் எத்தனை பொதுக் குளங்கள் திறந்திருக்கின்றன? அங்கே காசில்லாத பிள்ளைக்கு நீச்சல் கற்றுத்தர ஆள் இருக்கிறதா?